இரண்டு முறை கொதித்த நீர்

இலண்டன் மாநகரத்தார் தேநீர் என்று சொல்லி அருந்தும் பானத்தை நான் வெறுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த பின்னும் அவ்வெறுப்புத் தணியவில்லை. வயதோடு முறுகியே வந்திருக்கிறது. காகிதப் பைக்குள் அடைத்த தூசியைக் கோப்பையில் இட்டு, அதன்மேல் வெந்நீரை ஊற்றி, சாயம் இறங்குமுன்பே பாலைக் கொட்டி, கரண்டியால் அப்பையைக் கோப்பையின் உட்சுவரோடு நசுக்கி எடுக்கிறார்கள். நசுக்கிய பையைக் குப்பைத்தொட்டிவரை கொண்டுபோகும் பொறுமையும் இல்லாமல் கழுவுதொட்டியின் விளிம்பிலேயே விட்டுச் செல்பவர்களோடு பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நூலகத்தின் பட்டியற் பிரிவில் பணியாற்றினேன். ஒருவர் எழுந்தால் எல்லாருக்குமாகப் போட்டுக்கொண்டு வருவது அவர்கள் வழக்கம். என் முறை வந்தபோது நான் எழவில்லை. அவர்கள் போட்டதைத் தொடவும் இல்லை. வீட்டிலிருந்து வெப்பக்குடுவையில் கொண்டுசென்ற என் தேநீரை என் மேசையில் இருந்தபடியே குடித்தேன். என்னைக் கருமி என்று அவர்கள் எண்ணியதை அறிவேன். எண்ணட்டும்.

அத்தகைய பானத்தை என் கையாலேயே ஆக்கி, ஓர் அலுவலரின் கண்முன் கடைசி மிடறுவரை நான் குடிக்க நேர்ந்தது. லூயிஷாமில் உள்ள என் வீட்டில் நான் தனியே வாழலாமா, கூடாதா என்பதை ஒரு கோப்பைத் தேநீர் தீர்மானிக்கும் என்ற நிலை வந்ததால் நேர்ந்தது அது.

என் தேநீர் எத்தகையது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. இந்நகரின் குழாய்நீரில் சுண்ணாம்பு மிகுதி. அந்நீரை அப்படியே கொதிக்கவைத்துத் தேயிலையில் ஊற்றினால் சற்று நேரத்தில் மேலே பழுப்பு நிறத்தில் ஓர் ஏடு படியும். குளத்தில் பாசி படர்ந்தாற்போன்ற அந்த ஏட்டை இவ்வூரார் காண்பதில்லை. பால் அதை மறைத்துவிடுகிறது. நான் பால் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரு சட்டியில் நீரைக் கொதிக்கவைத்து, இறக்கி, கால்மணி நேரம் அசையாமல் வைப்பேன். சுண்ணாம்பு அடியில் இறங்கும். மேல்நீரை மட்டும் மெல்லிய துணியில் வடித்தெடுத்து, அடியில் எஞ்சுவதைக் கொட்டிவிட்டு, வடித்த நீரை மீண்டும் கொதிக்கவைப்பேன். அதன்பின்னரே தேயிலைத்தூள். சந்தைக்கு அருகிலுள்ள எங்களவர் கடையில் இலங்கை மலைநாட்டுத் தூள் கிடைக்கும். மூடிவைத்து, வடித்து, இரண்டு பேணிகளுக்கிடையே உயர்த்தி ஊற்றி ஆற்ற வேண்டும். சீனி சேர்க்கக் கூடாது. இடக்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக்கொண்டு, ஒரு கடி, ஒரு மிடறு என்று குடிக்க வேண்டும். காலை இரண்டு, நண்பகல் ஒன்று, மாலை இரண்டு. மனைவி இருந்த காலத்திலும் தேநீர் மட்டும் என் பொறுப்பாகவே இருந்தது. அவள் மறைந்த இந்த ஒன்பது ஆண்டுகளில் அம்முறையில் நான் எதையும் குறைக்கவில்லை.

என் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. அதை மறைக்க மாட்டேன். நீர் கொதிக்கும் நேரத்தில் நான் வாசிக்கச் செல்வதுண்டு. முந்திய ஆண்டில் ஒருநாள் இரண்டாம் கொதியை மறந்துவிட்டேன். நீர் முழுதும் வற்றிச் சட்டி தீய்ந்து கருகியது. அதைத் தேய்த்துப் பார்த்தேன்; போகவில்லை. அலுமாரியில் மாவுப்பேணிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். என் மகள் நகரின் கிழக்கே பார்க்கிங் என்னும் பகுதியில் இருந்து சனிக்கிழமைதோறும் வருபவள். ஏதோ தேடப்போய் அதைக் கண்டெடுத்தாள். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சென்ற மாரிகாலத்தில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் வெடிப்புக் கண்டு, மருத்துவமனையில் கிடந்தபோதுதான் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, என் கட்டிலின் அருகே நின்று, நான் கேட்டுக்கொண்டிருக்கையிலேயே, தாதியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பா அடுப்பை மறந்துவிடுகிறார் என்றாள். மறந்தது ஒருமுறை. அவள் சொன்ன வாக்கியத்தில் அது நாள்தோறும் நடப்பதாக இருந்தது.

அந்த வாக்கியம் என் கோப்பில் ஏறியது. நான் வீடு திரும்பிய மறுவாரம், தனியே இயங்கும் ஆற்றலைச் சோதிக்கும் அலுவலர் ஒருவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. ஓசை எழாத காலணி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை, கையில் படிவம். என்னிடம் பேசும்போதெல்லாம் குரலை உயர்த்தினார். என் காது நன்றாகக் கேட்கும் என்று சொன்னேன். மகிழ்ச்சி என்று அதே உரத்த குரலில் சொன்னார். படியேறச் சொன்னார், ஏறினேன். கட்டிலிலிருந்து எழச் சொன்னார், எழுந்தேன். பின்னர், உடனிருந்த மகளோடு மூவரும் அடுக்களைக்குச் சென்றோம். அவர் சொன்னது எனக்கு நன்கு விளங்கியிருந்தும் மகள் முந்திக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

"அப்பா, அவ உங்களை ஒரு தேத்தண்ணி போடச் சொல்லுறா."

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டு இல்லை. வழமையாப் போடுற மாதிரிப் போடுங்கோ. அவ நிண்டு பாப்பா."

"வீட்டை வந்த மனுசி நிண்டு பாக்கிறதுக்கோ நான் தேத்தண்ணி போடுறது? உங்கள் இரண்டு பேருக்கும் போடுறன்."

இதை மகள் மொழிபெயர்க்கவில்லை.

சட்டியில் நீரை வைத்தேன். கொதித்தது. இறக்கி வைத்துவிட்டு நின்றேன். எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று அலுவலர் கேட்டார். சுண்ணாம்பு படிவதற்காக என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். எழுதுகோல் ஓடியது. கால்மணி நேரம் கழிந்தபின் நீரைத் துணியில் வடித்து, எஞ்சியதைக் கொட்டி, வடித்ததை மீண்டும் அடுப்பில் ஏற்றினேன். எழுதுகோல் மறுபடியும் ஓடியது. இம்முறை நெடுநேரம் ஓடியது. நான் ஒரு பேணியிலிருந்து மற்றதற்கு ஆற்றத் தொடங்கியபோது, என்னைத் தாங்கிப் பிடிப்பவர்போல் அவர் ஓரடி முன்னே வந்து கையை நீட்டினார். ஒரு துளியும் சிந்தவில்லை. இரண்டு கோப்பைகளில் நிறைத்து, ஒரு தட்டில் பனங்கட்டித் துண்டுகளை வைத்து, முதற் கோப்பையை அவர் முன்னும் அடுத்ததை மகள் முன்னும் வைத்தேன்.

அலுவலர் இரு கைகளையும் மார்பளவு உயர்த்தி, நன்றி, பணிநேரத்தில் எவர் வீட்டிலும் எதையும் அருந்துவதில்லை என்றார். நானே அமர்ந்து அதைக் குடித்துக் காட்டும்படி கேட்டார்.

எங்கள் மக்களிடையே ஒரு வீட்டுத் தேநீரை மறுப்பது தாகம் இல்லை என்பதன் அடையாளம் ஆகாது. பகை முற்றிய இருவரில், ஊருக்காக ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவார், சபையில் இருப்பார், பேசவும் பேசுவார், தேநீர்த் தட்டு வரும்போது எழுந்துவிடுவார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை. வந்தவர் வாய் வைக்குமுன் வீட்டுக்காரன் தன் கோப்பையை எடுப்பதும் முறையன்று. அப்பெண்மணி இதை அறியார். அறியாமைக்காக அவரை மன்னித்திருப்பேன். ஆனால் மகள் அறிவாள். அவள் முன்னிருந்த கோப்பையிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதிகாரியின் முன்னிலையில் குடிப்பது மரியாதையன்று என்று எண்ணினாள் போலும், அவளும் தொடவில்லை.

இரண்டு கோப்பைகளையும் எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன்.

"அப்பா, அவைக்குச் சட்டம் அப்பிடி. கோவிக்காதேங்கோ."

"அவவுக்குச் சட்டம். நீ ஏன் குடிக்கேல்லை?"

சோதனை முடிந்தது என்று நானே அலுவலருக்கு அறிவித்து, வாயிற்கதவைத் திறந்துவிட்டேன்.

பத்து நாட்களில் அறிக்கை வந்தது. செய்து முடித்த செயலையே மீண்டும் செய்கிறார். நடுவே காரணமின்றி நெடுநேரம் நிற்கிறார். பாலும் சீனியும் சேர்க்க மறக்கிறார். கொதிக்கும் நீரை நோக்கமின்றிப் பாத்திரம் மாற்றுகிறார். ஆக்கியதைத் தாம் குடிக்க மறந்தார், பின் கொட்டினார். எளிதில் சினங்கொள்கிறார். நூலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். கண்டது அத்தனையும் உண்மையாகவும் கொண்ட முடிவு அத்தனையும் பொய்யாகவும் அமைந்த வேறொரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. தற்போதைக்குத் தனியே வாழ்வது பாதுகாப்பன்று, குடும்பத்தாரோடு இருக்கட்டும், ஆறு வாரங்களில் மீண்டும் பார்க்கலாம் என்று முடித்திருந்தார். மகள் அன்று மாலையே என் பெட்டியை அடுக்கினாள்.

பார்க்கிங்கில் அவள் வீட்டின் பின்னறை எனக்கு ஒதுக்கப்பட்டது. அது மருமகனின் பண்டகசாலை. குளியலறைகளுக்கு மாபிள் ஓடு பதிப்பது அவர் தொழில். பன்னிரண்டு ஆண்டுகள் பாரிசில் அத்தொழிலைப் பழகி, பின்னர் இங்கே குடிபெயர்ந்தவர். நெஞ்சில் உள்ளதை அப்படியே வாயால் சொல்பவர். நூல் தொங்கும் தேயிலைப் பையை மூடியிட்ட பெரிய குவளையில் போட்டு, மூன்று கரண்டி சீனி இட்டு, அதை வண்டியில் வைத்துப் பகல் முழுதும் ஆறஆறக் குடிப்பவர். இவ்வளவும் சேர்ந்து, இருபதாண்டுகளாக எனக்கு அவரைப் பிடிப்பதில்லை. இதுவும் அவருக்குத் தெரியும்.

அவ்வீட்டின் அடுக்களைக்குள் நான் நுழையக் கூடாது. அறிக்கையைக் காட்டி மகள் அதைச் சொன்னாள். நாளுக்கு மூன்று முறை பை முக்கிப் போட்ட தேநீர் என் அறைக்கு வந்தது. மூன்று முறையும் அது ஆறித் திரும்பிப் போனது. நான் வெந்நீர் கேட்டுக் குடித்தேன். ஐந்து வாரங்கள் அவள் வீட்டில் தேநீர் குடிக்கவில்லை. அதன் பொருள் அவளுக்கு விளங்காமல் இருக்க வழியில்லை. விளங்கவேண்டும் என்பதற்காகவே செய்தேன். அவளும் ஒரு வேளைகூடக் கொண்டுவரத் தவறவில்லை.

ஐந்தாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். மருமகன் என் அறை வாயிலில் வந்து நின்றார்.

"மாமா, உண்மையைச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. நீங்கள் படுக்கிற இடத்திலை என்ரை மாபிள் அடுக்கியிருந்தது. இப்ப எல்லாம் வெளியிலை மழைக்கை கிடக்குது. நீங்கள் உங்கடை வீட்டை போகவேணும்."

"நான் வெளிக்கிட்டு நிக்கிறன். உம்மடை மனுசியைக் கேளும்."

"அவளைக் கேட்டு வேலையில்லை. அந்த வெள்ளைக்காரி திரும்பி வருவா. அவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் காட்டுங்கோ. உங்கடை தேத்தண்ணி இல்லை. அவவின்ரை தேத்தண்ணி."

"தெரிஞ்சுகொண்டே பிழையாப் போடச் சொல்லுறீரோ?"

"பாரிசிலை என்ரை அகதி வழக்கை முதல்தரம் விசாரிக்கேக்கை நான் எங்கடை ஊரிலை கதைக்கிற மாதிரிச் சுத்திச் சுத்திச் சொன்னன். ஏலாதெண்டுட்டாங்கள். இரண்டாந்தரம் அதே கதையைத்தான் சொன்னன், அவங்கள் கேக்கிற ஒழுங்கிலை சொன்னன். தந்தாங்கள். சோதினை எண்டால் அப்பிடித்தான் மாமா. நீங்கள் படிச்ச மனிசன், உங்களுக்கு நான் சொல்லவேணுமே?"

நான் ஐந்து வாரத்தில் முதன்முறையாக அவ்வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தேன். அவர் கதிரையைத் திருப்பிப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அதிகாரிபோல் அமர்ந்தார். அடுப்பைத் தொடவே கூடாது. மின்கேத்தல் தானாக நின்றுவிடும் என்றார். ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிச் சொல்லிச் செய்யவேண்டும் என்றார். கோப்பை எடுக்கிறேன் என்று சொன்னேன், எடுத்தேன். பை போடுகிறேன் என்று சொன்னேன்; போட்டேன். நீர் ஊற்றினேன். கரண்டியோடு என் கை அப்படியே நின்றுவிட்டது.

"பிழிஞ்சு எறியுங்கோ மாமா. யோசிக்காதேங்கோ. அது உயிரில்லை."

மூன்று முறை பழகினேன். மூன்றாவதை அவர் எடுத்துக் குடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கேவலமாக வரவேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர்மீது எனக்கிருந்த பகை அன்று குறையவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன். என் விடுதலைக்கு அவரிடம் கடன்பட்டேன் என்பதால் அது சற்றுக் கூடியது.

ஆறாம் வாரம் என் வீட்டில் அதே அலுவலர், அதே படிவம், வாயிலில் அதே மகள். மருமகன் வாங்கித் தந்த மின்கேத்தல் புதிதாகப் பளபளத்தது. பாலும் சீனியும் வரிசையில் நின்றன. நான் ஒரு கோப்பையை மட்டும் எடுத்தேன். அலுவலருக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. மகளைப் பார்க்கவும் இல்லை. பை, வெந்நீர், பிழிதல், எறிதல், பால், சீனி. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. சுண்ணாம்பெல்லாம் அதற்குள்ளேயே கிடந்தது. அமர்ந்து குடித்தேன். நனைந்த அட்டைப்பெட்டியைச் சீனியில் தோய்த்துச் சப்பினாற்போல் இருந்தது. கோப்பையின் அடி தெரியும்வரை குடித்தேன். அலுவலர் முகம் மலர்ந்தது. வியக்கத்தக்க முன்னேற்றம் என்று சொல்லி, மழலையர் வகுப்புப் பிள்ளையைத் தட்டுவதுபோல் என் தோளைத் தட்டினார். அடுப்பை நான் மறப்பேனா என்பதல்லவா கேள்வி? அடுப்பையே நான் அன்று ஏற்றவில்லை. அதை அவரும் கேட்கவில்லை. தனியே வாழலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தேயிலைப் பைப் பெட்டியை நான் எறியவில்லை. அடுக்களை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். படிவத்தோடு வருபவர்களுக்கு அது உரியது என்று எனக்குள் வகுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை மகள் வந்தபோது அப்பெட்டியை இறக்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையில் பையை இட்டு, நீர் ஊற்றி, பிழிந்து, பாலைக் கொட்டி அவள் முன் வைத்தேன்.

"எனக்கும் இதுதானோ அப்பா?"

"ஓம்."

அவள் கோப்பையைத் தள்ளிவைப்பாள், எழுந்து போவாள், அதோடு நமக்குள் எல்லாம் வெளிப்படையாகிவிடும் என்று எதிர்பார்த்தேன்; விரும்பினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் எடுத்துக் குடித்தாள். என்னை நேராகப் பார்த்தபடி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதன்பின் சனிக்கிழமைதோறும் இதுவே நடந்தது. நான் வைத்தேன், அவள் குடித்தாள். இருவரில் எவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் வாசித்துக்கொண்டிருக்கையில் புகைநாற்றம் வந்தது. இரண்டாம் கொதி. புதுச் சட்டி. அடி முழுதும் கருகியிருந்தது. மறுநாள் முழுவதும் தேய்த்தேன். பின்னர், வேறிடம் தோன்றாமல், அதே மாவுப்பேணிக்குப் பின்னால் வைத்தேன்.

சனிக்கிழமை மகள் அலுமாரியைத் திறந்து, எதையும் தேடாமல், நேரே அந்த இடத்துக்குக் கைவிட்டு எடுத்தாள். திருப்பி அடியைப் பார்த்தாள். தொலைபேசி அவள் கைப்பையின் மேலேயே கிடந்தது. ஓர் அழைப்பில் எல்லாம் முடிந்துவிடும். நான் பைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அதை வையுங்கோ அப்பா. உங்கடை வெறுந்தேத்தண்ணி ஒண்டு போடுங்கோ. நான் இதிலை நிக்கிறன்."

"நிண்டு பாக்கிறதெண்டால் போடமாட்டன்."

"அப்ப அதையே தாங்கோ."

தந்தேன். குடித்தாள். பால் போதாது என்று மட்டும் சொன்னாள். போகும்போது கதவருகில், சட்டியைப் பற்றி ஏதேனும் சொல்வாள் என்று நின்றேன். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, அடுத்த சனி வாறன் என்றாள்.

அன்றுமுதல் நீர் கொதிக்கும்போது நான் அடுக்களையை விட்டு நகர்வதில்லை. முதற் கொதிக்கும் நிற்கிறேன். இரண்டாம் கொதிக்கும் நிற்கிறேன். புத்தகத்தைக் கையிலும் எடுப்பதில்லை. இது அவளுக்காகவும் அன்று, அந்த அலுவலருக்காகவும் அன்று. என் தேநீரைப் பிறர் சொல்லி நிறுத்த நான் இடங்கொடேன்; அதற்கு அடுப்படியில் நாளுக்கு ஐந்து தடவை கால்கடுக்க நிற்க வேண்டுமென்றால், நிற்பேன்.